உப்பைத் தடுக்கும் நெல்: புரதத்துக்குள் எது எதைத் தொடுகிறது?

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க வருபவர்களில் பலருக்கு முதலில் ஓர் ஏமாற்றம் இருக்கும். இதுவா காவிரி என்று கேட்பார்கள். கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று வழியெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு வருகிற ஆறு, கடைசியில் ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்குச் சுருங்கித்தான் கடலுக்குப் போகிறது. பல மாதங்கள் அதிலும் தண்ணீர் இருக்காது. ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வெளியே தள்ளாத நாட்களில் கடல் உள்ளே தள்ளும். ஓதத்தோடு உப்புத் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏறும். புகார் என்ற சொல்லுக்கே ஆற்று முகத்துவாரம் என்றுதான் பொருள். நிலத்தடி நீரிலும் இதே கதை. மயிலாடுதுறை மாவட்டக் கடலோரக் கடைமடை வயல்களில் கோடையில் மண்மேல் வெள்ளை படர்ந்தால், 'உப்பு பூத்துடுச்சு' என்பார்கள்.

நெல்லுக்கு உப்பு ஆகாது. மண்ணைத் தண்ணீரில் குழைத்து எடுத்த சாற்றில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து உப்பைக் கணிப்பது வழக்கம். அந்த எண் 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மகசூல் சரியத் தொடங்கும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் சுமார் 12 சதவீதம் விளைச்சல் போகும் என்பது வேளாண் விஞ்ஞானிகள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆனால் எல்லா நெல்லும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒரு ரகம் நட்ட சில வாரங்களில் இலை நுனி வெளுத்துச் சுருண்டுவிடும். குழியடிச்சான், களர்பாலை போன்ற பழைய ரகங்கள் அதே மண்ணில் தாக்குப்பிடிக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் வயலுக்குள் புகுந்து நின்ற பிறகு, 'உவர் தாங்கும் ரகம்' என்ற பேச்சு இந்தக் கடற்கரையில் கூடுதலாகவே அடிபட்டது.

எந்த ரகம் தாங்கும் என்பது விவசாயிக்குத் தெரியும். ஏன் தாங்குகிறது? இந்தக் கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி நெல்லின் வேருக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் இருக்கிறது. அந்தப் புரதத்துக்குள் எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் கலைக்குத் தமிழ்நாட்டில், அதிலும் காவிரிக் கரையில், நீண்ட வரலாறு உண்டு.

வேரில் ஒரு காவல்

வேர் உறிஞ்சும் தண்ணீர் சைலம் என்ற குழாய் வழியாக இலைக்கு ஏறுகிறது. பள்ளிக்கூடப் பாடம்தான். உவர் நிலத்தில் அந்தத் தண்ணீரோடு சோடியமும் சேர்ந்து ஏறும். இலையில் சோடியம் குவிந்தால் பயிருக்குத் தேவையான பொட்டாசியத்தின் வேலை கெடும், இலை கருகும்.

2005-இல் ஷாங்காயைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, உப்பைத் தாங்கும் 'நோனா பொக்ரா' என்ற வங்காள நெல்லையும், தாங்காத 'கோஷிஹிகாரி' என்ற ஜப்பான் நெல்லையும் ஒட்டி, வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றைப் பிடித்தது. (வங்காளத்தில் 'நோனா' என்றாலே உப்பு. ஊர் மக்கள் வைத்த பெயர் ஆய்வகத்துக்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டது.) அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் பெயர் ஹெச்.கே.டி. 1;5. சைலம் குழாயை ஒட்டியுள்ள செல்களின் சவ்வில் அது உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை மட்டும் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறது. இலைக்குப் போய்ச் சேரும் உப்பு குறைகிறது.

இரண்டு ரகங்களிலும் இந்தப் புரதம் உண்டு. சுமார் 550 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரண்டுக்கும் வித்தியாசம் நான்கே இடங்களில்தான். 140-ஆவது இடத்தில் ஒன்றில் அலனின், மற்றதில் புரோலின். 184-இல் ஹிஸ்டிடினா அர்ஜினினா என்ற வேறுபாடு. 332-இல் அஸ்பார்டிக் அமிலமா ஹிஸ்டிடினா. 395-இல் வேலினா லூசினா.

நான்கில் எது முக்கியம்? வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. புரதம் மடங்கிய பிறகு அந்த நான்கும் எங்கே போய் நிற்கின்றன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தொடுதல் என்றால் என்ன?

களத்தில் முறுக்கும் வைக்கோல் பிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சாண் தூரத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுகளுக்கு எண் கொடுத்து, அதைக் கசக்கி ஒரு கூடைக்குள் திணித்தால் என்ன ஆகும்? 5-ஆம் முடிச்சும் 6-ஆம் முடிச்சும் பக்கத்தில் இருப்பதில் அதிசயமில்லை. ஆனால் 5-ஆம் முடிச்சும் 95-ஆம் முடிச்சும் உரசிக்கொண்டு கிடக்கலாம். பிரியை நீட்டிப் பார்த்தால் இந்த உறவு கண்ணில் படாது. புரதமும் இப்படித்தான். 20 வகை அமினோ அமிலங்கள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டு, பிறகு மடங்கிச் சுருண்டு ஒரு வடிவத்துக்கு வருகின்றன. கூடையில் திணித்த பிரி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும். புரதம் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி மடங்கும். அப்படி மடங்கவைப்பதும், மடங்கியதைக் குலையாமல் வைத்திருப்பதும் இந்தத் தொடுதல்கள்தான்.

தொடுதலிலும் ரகங்கள் உண்டு. நேர்மின் உள்ள லைசினும் எதிர்மின் உள்ள அஸ்பார்டிக் அமிலமும் 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் வந்தால் அதற்கு 'உப்புப் பாலம்' என்று பெயர். (கடல் உப்புக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.) நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் நடுவில் ஒரு ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு சுமார் 3 ஆங்ஸ்ட்ராமில் நின்றால் ஹைட்ரஜன் பிணைப்பு. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தால் கைகோத்தால் தூரம் சுமார் 2 ஆங்ஸ்ட்ராம்தான். அது உறுதியான முடிச்சு. தண்ணீரைப் பிடிக்காத வேலின், லூசின் போன்றவை எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடுவதுபோல உள்ளே ஒதுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆங்ஸ்ட்ராம் எவ்வளவு சின்னது? ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம்.

இவ்வளவு சின்ன தூரத்தில் நடக்கும் ஒரே ஒரு தொடுதல் ஓர் உயிரைப் பாதிக்குமா என்று கேட்டால், நீலகிரியைப் பார்க்கலாம். இந்தியாவில் அரிவாள் செல் நோய்க்கூறு முதன்முதலாகப் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். ஹீமோகுளோபின் புரதத்தில் 6-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்துவிடுகிறது. அந்த வேலின், பக்கத்து ஹீமோகுளோபினில் 85-ஆவது ஃபினைல்அலனினுக்கும் 88-ஆவது லூசினுக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இல்லாத இடத்தில் ஒரு புதிய தொடுதல். ஒன்றோடு ஒன்று ஒட்டி, நீண்ட நார்களாகி, ரத்த அணுவே அரிவாள்போல வளைந்துவிடுகிறது. நோயாளி படும் வலிக்கெல்லாம் ஆரம்பம் அந்தப் பள்ளம்தான்.

கிண்டியில் அளந்த தூரங்கள்

எது தொடலாம் என்பதைவிட, எது தொடவே கூடாது என்ற கேள்வி முதலில் தீர்ந்தது. தீர்த்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள்.

எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூருவில் சி.வி. ராமனிடம் படித்த ஜி.என். ராமச்சந்திரன், 1952-இல் முப்பது வயது வாக்கில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கிண்டி வளாகம். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம்தான். அதன் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைகளில், கொலாஜன் மூன்று பிரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு என்றார்கள்.

இந்த யோசனைக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து ஆட்சேபம் வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், மூன்று பிரி சரி, ஆனால் உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கின்றன, அவ்வளவு நெருக்கம் இயற்கையில் நடக்காது என்றார்கள். ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் கருத்து வேறுபாடு. பின்னாளில் பிணைப்பு எண்ணிக்கையில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதுதான் நிலைத்தது. மூன்று பிரிக் கயிறு ராமச்சந்திரன் கணக்கில் நிலைத்தது.

ஆனால் அந்தச் சண்டையைவிடப் பெரிய விஷயம், அது கிளப்பிய கேள்வி. 'அவ்வளவு நெருக்கம் நடக்காது' என்றால், எவ்வளவு நெருக்கம் நடக்கும்? புத்தகத்தில் போட்டிருக்கும் எண்களை நம்பாமல், அதுவரை உலகில் வெளியான அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடு படிகங்கள் எல்லாவற்றையும் எடுத்து, அணுக்கள் உண்மையில் எவ்வளவு கிட்டத்தில் நிற்கின்றன என்று ராமச்சந்திரனின் குழு அளந்து தொகுத்தது. இரண்டு பட்டியல்கள் தயாராயின. வழக்கமான எல்லை ஒன்று. தவிர்க்க முடியாவிட்டால் இதுவரை போகலாம் என்ற கடைசி எல்லை மற்றொன்று. உதாரணமாக, கார்பனும் ஆக்ஸிஜனும் சாதாரணமாக 2.8 ஆங்ஸ்ட்ராம், நெருக்கடியில் 2.7. அதற்கும் கிட்டே வந்தால் மோதல்.

பிறகு ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள இரண்டு திருப்புக் கோணங்களைப் படிப்படியாக மாற்றி, எந்தக் கோணத்தில் அணுக்கள் மோதுகின்றன, எதில் மோதவில்லை என்று கணக்குப் போட்டார்கள். கணினி கைக்கெட்டாத காலம். மேசைமேல் வைக்கும் கணக்குப்பொறிதான் துணை. 1963-இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு இன்று உலகம் முழுக்க 'ராமச்சந்திரன் படம்' என்று பெயர். சதுரத்தின் பெரும்பகுதி 'இங்கே வராதே' என்று காலியாகக் கிடக்கும். புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தவர், அது சரியா என்று இன்றும் முதலில் இந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார். அவருக்கு நோபல் கிடைக்காதது பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அதை இங்கே விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது, 1963-இல் அணு அளவில் தெளிவாகத் தெரிந்த புரத அமைப்பு கிட்டத்தட்ட மயோகுளோபின் ஒன்றுதான். ஒரே ஒரு உதாரணம் இருந்த காலத்தில் எல்லாப் புரதங்களுக்குமான விதியை எழுதிவிட்டார்கள்.

திருச்சியின் 8 ஆங்ஸ்ட்ராம்

இங்கிருந்து கதை காவிரிக்கு வருகிறது. 1970-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் திருச்சியில் ஒரு தன்னாட்சி முதுநிலை மையம் இருந்தது. 1982-இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு முன்னோடி. அதன் இயற்பியல் துறையில் பி.கே. பொன்னுசாமியும் பி. மணவாளனும் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு புரதத்துக்குள் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் அக்கம்பக்கத்தார் யார்?

ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் நடுவில் வைத்து 8 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் ஓர் உருண்டை வரைந்தார்கள். அந்த உருண்டைக்குள் வந்து விழுகிற மற்ற அமினோ அமிலங்கள் எவை, அவை தண்ணீரை எவ்வளவு வெறுப்பவை என்று கூட்டினார்கள். தனியாக ஒரு குடுவையில் வைத்து அளக்கும்போது ஓர் அமினோ அமிலத்தின் குணம் ஒன்று. புரதத்துக்குள் சுற்றம் சூழ நிற்கும்போது அதன் குணம் வேறு. ஆளை எடைபோட அவர் குடியிருக்கும் தெருவைப் பார்ப்பதுபோல. 1978-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. ஸ்விட்சர்லாந்திலிருந்து இயங்கும் 'எக்ஸ்பாசி' என்ற இணையக் கருவியில் புரத வரிசையை ஆராயத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களின் பட்டியலில் மணவாளன் பெயரிலும் ஒன்று இருக்கிறது. திருச்சியில் 8 ஆங்ஸ்ட்ராம் உருண்டை வரைந்து கண்ட எண்கள்தான் அவை.

அந்த 8 ஆங்ஸ்ட்ராமுக்கு என்ன விசேஷம்? ஓர் அமினோ அமிலத்தைச் சுற்றியுள்ள முதல் வரிசை அண்டைவீட்டார் எல்லாரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். 6 என்று வைத்தால் சிலர் விட்டுப்போவார்கள். 12 என்று வைத்தால் அடுத்த தெருக்காரர்களும் சேர்ந்துவிடுவார்கள். இயற்கை போட்ட கோடு அல்ல இது. ஆய்வாளர் போடும் கோடு. அதனால் தொடுதல் பற்றிய எந்த எண்ணைப் படித்தாலும் 'எத்தனை ஆங்ஸ்ட்ராம் எல்லை? எந்த அணுவிலிருந்து எந்த அணுவுக்கு?' என்று கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

அதே பல்கலைக்கழகத்தின் வழிவந்த மைக்கேல் குரோமிகாவும் எஸ். செல்வராஜும் 2001-இல் இன்னோர் அடி எடுத்துவைத்தார்கள். 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் தொட்டுக்கொள்பவற்றில், சங்கிலியில் 12 இடங்களுக்கும் மேல் விலகியிருப்பவற்றை மட்டும் எண்ணினார்கள். வைக்கோல் பிரியில் 5-ஆம் முடிச்சும் 95-ஆம் முடிச்சும் உரசுகிற வகை. இப்படிப்பட்ட தூரத்து உறவுகள் அதிகமுள்ள புரதம் மடங்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அந்தக் கணக்கு காட்டியது. இதே கேள்வியை 1998-இல் வேறொரு அளவுகோலால் அணுகிய அமெரிக்கக் குழுவில் இருந்தவர் டேவிட் பேக்கர். 2024-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர். குரோமிகா இப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர்.

புள்ளிக் கோலம் போல ஒரு வரைபடம்

சரி, இதை நடைமுறையில் எப்படிச் செய்கிறார்கள்? புரத அமைப்புகளுக்கென 1971-இல் தொடங்கிய பொதுத் தரவு வங்கி ஒன்று இருக்கிறது. தொடங்கியபோது 7 அமைப்புகள். இப்போது 2 லட்சத்துக்கும் மேல். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். கோப்பைத் திறந்தால் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று எண்கள் இருக்கும்: கிழக்கு மேற்காக எவ்வளவு, தெற்கு வடக்காக எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதுபோல. இரண்டு அணுக்களுக்கு நடுவில் உள்ள தூரம் காணப் பத்தாம் வகுப்பு பைதாகரஸ் போதும். 550 அமினோ அமிலம் உள்ள புரதத்தில் ஜோடிகள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் வரும். கையால் போட்டால் ஆயுசு போய்விடும். சாதாரண மடிக்கணினிக்குக் கண்ணிமைக்கும் வேலை.

விடையை ஒரு சதுரக் கட்டத்தில் புள்ளியாக வைப்பார்கள். மேலே 1 முதல் 550, பக்கவாட்டில் 1 முதல் 550. தொட்டுக்கொள்ளும் ஜோடிக்கு ஒரு புள்ளி. மார்கழி வாசல் கோலம்போல மூலைவிட்டத்தின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக விழும். பழகிய கண்ணுக்கு இதில் கதை தெரியும். மூலைவிட்டத்தை ஒட்டிப் பட்டையாக வந்தால் அந்த இடத்தில் சங்கிலி சுருளாகிறது. மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாகக் கோடு விழுந்தால் இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் படுத்திருக்கின்றன. தூரத்தில் தனியாகக் கிடக்கும் புள்ளிக் கூட்டம்தான் சுவாரசியமானது; மடிப்பின் பூட்டு பெரும்பாலும் அங்கே இருக்கும். ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் போன பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையில், சரஸ்வதி விஸ்வேஸ்வரா இந்தப் புள்ளிகளை ஒரு வலையாகவே பார்த்தார். எந்த முடிச்சில் அதிக இழைகள் சேர்கின்றன, எதை அறுத்தால் வலை தொய்யும் என்பது அவருடைய கேள்வி.

இன்று பரபரப்பாகப் பேசப்படும் 'ஆல்ஃபாஃபோல்டு' செயற்கை நுண்ணறிவின் அடியிலும் இந்தக் கோலம் இருக்கிறது. கதவை மாற்றினால் தாழ்ப்பாளையும் மாற்ற வேண்டும் அல்லவா? பல உயிரினங்களில் ஒரே புரதத்தின் வரிசைகளை அடுக்கிப் பார்த்தால், 40-ஆவது இடம் மாறும்போதெல்லாம் 210-ஆவது இடமும் சேர்ந்தே மாறுவதுபோன்ற ஜோடிகள் தென்படும். அப்படியென்றால் அவை இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். 2018-இல் வந்த முதல் ஆல்ஃபாஃபோல்டு, இப்படிப்பட்ட தடயங்களிலிருந்து ஜோடிகளுக்கு இடையிலான தூரத்தைக் கணித்து, அதைவைத்து வடிவத்தைக் கட்டியது. 2022-இல் அதன் அடுத்த வடிவம் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத அமைப்புகள் பொதுவெளிக்கு வந்தன.

நெல்லின் 395-ஆவது இடம்

இனி நெல்லின் நான்கு வேறுபாடுகளுக்கு வரலாம். ஹெச்.கே.டி. புரதத்தின் நடுவில் சோடியம் நுழைந்துபோக ஒரு துளை உண்டு. துளையின் குறுகலான கழுத்தில் நான்கு அமினோ அமிலங்கள் சுற்றிநின்று சல்லடைபோல வேலை செய்கின்றன. இந்தக் குடும்பத்துப் புரதங்களில், அந்த நான்கில் முதலாவது செரினாக இருந்தால் சோடியத்துக்கு மட்டும் வழி. கிளைசினாக இருந்தால் பொட்டாசியமும் போகலாம் என்று 2002-லேயே கண்டிருந்தார்கள். ஓர் இடம் மாறினால் காவலாளியின் புத்தியே மாறிவிடுகிறது.

2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இதே வகையைச் சேர்ந்த பாக்டீரியாப் புரதம் ஒன்றின் படிக அமைப்பை அச்சாக வைத்து நெல்லின் ஹெச்.கே.டி. 1;5-க்கு முப்பரிமாண மாதிரி கட்டினார்கள். அந்த மாதிரியில், நான்கு வேறுபாடுகளில் 395-ஆவது இடம்தான் சல்லடைக் கழுத்துக்கு அருகில் வருகிறது. வேலினுக்கும் லூசினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கார்பன். இரண்டும் தண்ணீரைப் பிடிக்காத குணம். வரிசையில் பார்க்கும்போது இதை அலட்சியமாக விட்டுவிடத் தோன்றும். ஆனால் இடுக்கான கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்பன் கூடினால், பக்கத்தில் நிற்பவரை அது தள்ளும். துளையின் இறுக்கம் மாறக்கூடும். அவர்கள் முன்வைத்த விளக்கம் அந்தத் திசையில்தான் போகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு கார்பன் பிணைப்பின் நீளம் சுமார் ஒன்றரை ஆங்ஸ்ட்ராம். நெல் புரதத்துக்கும் பாக்டீரியாப் புரதத்துக்கும் வரிசை ஒற்றுமை குறைவு. அந்த அச்சில் வார்த்த மாதிரியில் பிழையே அந்த அளவுக்கு இருக்கலாம். தவிர, படிகத்தில் தெரிவது உறைந்துபோன ஒரு கணம். உயிருள்ள செல்லில் புரதம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நொடியில் தொடுவது அடுத்த நொடியில் விலகும். தூரம் கிட்டத்தில் இருக்கிறது என்பதாலேயே அந்தத் தொடுதல் பலமானது என்றும் சொல்லிவிட முடியாது. எனவே தொடுதல் கணக்கு தீர்ப்புச் சொல்வதில்லை; நான்கு சந்தேகத்துக்குரியவர்களில் முதலில் யாரை விசாரிக்கலாம் என்று காட்டுகிறது. விசாரணை, அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றி, ஆப்பிரிக்கத் தவளையின் முட்டை செல்லில் வைத்து மின்னோட்டத்தை அளப்பது, பிறகு பயிரில் பார்ப்பது என்று நீளும். அதே 2012 ஆய்வு, புரதத்தின் வடிவம் மட்டுமல்லாமல் வேரில் அந்தப் புரதம் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதும் இலையில் சேரும் உப்பைத் தீர்மானிக்கலாம் என்று சொன்னது. காவலாளி கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது, ஆட்களும் போதுமான அளவுக்கு வேண்டும்.

வயலுக்கு வருவது எப்போது?

ஒரு பகுதி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல் உப்பைத் தாங்குவதில் உலகப் புகழ்பெற்றது. அது விளையும் சதுப்பு வயல்கள் எர்ணாகுளம் பக்கம், ராமச்சந்திரன் பிறந்த ஊர்ப் பக்கம் இருப்பது தற்செயல்தான். பொக்காளியிலிருந்து அடையாளம் காணப்பட்ட 'சால்டால்' என்ற குரோமோசோம் பகுதிக்குள்தான் ஹெச்.கே.டி. 1;5 மரபணுவும் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்தப் பகுதியை மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்குள் கொண்டுவந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இது மரபணு மாற்றப் பயிர் இல்லை. சாதாரண ஒட்டு முறைதான்; எந்த நாற்றில் அந்தப் பகுதி வந்திருக்கிறது என்று டி.என்.ஏ. அடையாளம் பார்த்துப் பொறுக்குகிறார்கள்.

இங்கே டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. உவரும் களரும் ஒன்றல்ல. பூம்புகார், தரங்கம்பாடி போன்ற கடலோரங்களின் பிரச்சினை பெரும்பாலும் உவர்: மண்ணில் கரைந்த உப்பு அதிகம். களரில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, மண் இறுகி, கார அமில நிலை 8.5-க்கு மேல் போய்விடும்; ஜிப்சம் போட்டுத்தான் சோடியத்தைக் கிளப்ப வேண்டும். திருச்சி வேளாண் கல்லூரியில் உருவான திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் களரை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. உவருக்கென்று சொல்லும் ரகத்தைக் களரில் போட்டுவிட்டு விதையைக் குறை சொல்வதும், அதற்கு நேர்மாறாகச் செய்வதும் அடிக்கடி நடக்கிறது. நடவுக்கு முன் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மூட்டை விதைநெல் வீணாவதைவிடக் குறைவு.

சால்டாலுக்கும் ஓர் எல்லை உண்டு. அது முக்கியமாக நாற்றுப் பருவத்தில் பயிரைக் காப்பாற்றுகிறது. நெல் உப்புக்குப் பயப்படும் இன்னொரு பருவம் பூக்கும் காலம். நாற்றில் தாங்கிய ரகம் கதிரிலும் தாங்கும் என்று சொல்ல முடியாது. சம்பா பூத்து வரும் மாதங்களில் மழை நின்று, ஆற்றிலும் தண்ணீர் குறைந்தால், கடைமடையில் உப்பு ஏறுவது அப்போதுதான். பூக்கும் பருவத்து உப்பைத் தாங்குவதில் எந்தெந்தப் புரதங்களுக்குப் பங்கு என்ற தேடல் இன்னும் முடியவில்லை. அவை பிடிபடும்போது, ஒவ்வொன்றுக்கும் மறுபடி அதே வேலை தொடங்கும்: வரிசையை எழுது, வடிவத்தைக் கணி, 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் யார் இருக்கிறார் என்று பார்.